மாநாட்டுப் பையில் இல்லாத சென்னை

சென்னையில் எந்த மாநாடு நடந்தாலும் வெளியூர்க்காரர் கையில் ஒரு பையைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு நோட்டு, ஒரு பேனா, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. கூடவே உள்ளூர்க்காரர் ஒருவர் அன்போடு எழுதிய குறிப்புகள் என்று மடித்து வைத்த ஒரு தாள். இதய மருத்துவர்கள் கூடினாலும் சரி, தோல் பொருள் வியாபாரிகள் கூடினாலும் சரி, அந்தத் தாள் மட்டும் மாறுவதே இல்லை. ஆட்டோவில் ஏறாதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். தெருவில் சாப்பிடாதீர்கள். கடலில் இறங்காதீர்கள். வெயிலில் நடக்காதீர்கள். இத்தனை 'ஆதீர்கள்'களையும் தாண்டி ஒருவர் மிஞ்சினால் அவருக்குப் பரிசாக இரண்டு ஷாப்பிங் மால், ஒரு பட்டுப் புடவைக் கடை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட், அரை நாள் மாமல்லபுரம். முடிந்தது சென்னை!

வெளியூர்க்காரர் யாராவது இப்படி எழுதியிருந்தால் போனால் போகிறது என்று விடலாம். எழுதுகிறவர் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்க் குழந்தைகளோடு மணலில் விளையாடி, சுண்டல் தின்று வளர்ந்தவர். விருந்தாளி வரும்போது வீட்டில் உள்ள பாட்டியை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் பூ வைக்கிற ஆள் மாதிரி அவர் நடந்துகொள்கிறார். பாட்டிதான் அந்த வீட்டைக் கட்டியவள் என்பது விருந்தாளிக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு நகரத்தைப் பற்றி வெளியாளுக்குச் சொல்லும் பட்டியல் கொஞ்ச நாளில் அந்த நகரத்துக்காரர்களின் சொந்தப் பட்டியலாகவும் ஆகிவிடுகிறது. பட்டியலில் இல்லாதவர்கள் முதலில் கண்ணிலிருந்து மறைகிறார்கள், பிறகு இடத்திலிருந்தே அகற்றப்படுகிறார்கள். இது மிகையான பேச்சு இல்லை என்பதற்கு மெரினாவிலேயே கதை இருக்கிறது. அதற்கு வருமுன் சில்லறை விஷயங்களை முடித்துவிடலாம்.

சென்னையின் பெரிய கண்காட்சிகளும் மாநாடுகளும் பெரும்பாலும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கின்றன. பரங்கிமலைக்குப் பக்கம், விமான நிலையத்துக்கு அருகில். வசதிதான். ஆனால் கடல் அங்கிருந்து வெகுதூரம். விமானத்தில் இறங்கி, ஓட்டல் காரில் ஏறி, அரங்குக்குப் போய், இரண்டு நாள் குளிரூட்டிய காற்றில் உட்கார்ந்து, திரும்பவும் விமானம் ஏறிப் போகிறவர் ஒரு கடற்கரை நகரத்துக்கு வந்துபோனதாகச் சொல்லிக்கொள்கிறார். ஒரு துளி உப்புக்காற்று அவர் மூக்கில் ஏறியிருக்காது. 2022 ஜூலை கடைசியில் தொடங்கி நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டைச் சென்னை ஒலிம்பியாட் என்றே உலகம் அழைத்தது. ஆட்டம் நடந்தது ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், மாமல்லபுரத்தில். சென்னைக்குக் கிடைத்தது நேப்பியர் பாலத்தின் மேல் பூசிய கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பாலம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே ஓடும் கூவத்துக்கு யாரும் பெயிண்ட் அடிக்க முடியவில்லை.

ஆட்டோ விஷயத்துக்கு வருவோம். 'ஏமாற்றுவார்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது தாள். பேரம் பேசுகிற ஆட்டோக்காரர்கள் உண்டு, அதை மறுப்பவர் சென்னையில் ஆட்டோ ஏறாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டாமா? 2013 ஆகஸ்டில் அரசு மீட்டர் கட்டணத்தைத் திருத்தியது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்பிறகு பத்து ஆண்டுகள் கடந்தும் அந்தக் கட்டணம் அப்படியே நின்றது. இடையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிப் போனது, மளிகை விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது. பத்து ஆண்டுகள் சம்பளம் ஏறாமல் வேலை பார்க்கச் சொன்னால் அந்தத் தாளை எழுதியவர் என்ன செய்திருப்பார்? வருகிறவருக்கு உபயோகமாக ஒன்று சொல்வதானால் இதுதான்: ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், செயலியில் காட்டும் தொகையை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், பேசிய பிறகு சண்டை வேண்டாம். 'அண்ணே' என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

பேருந்து என்ற சொல்லே அந்தத் தாளில் வராது. 2021 மே மாதத்திலிருந்து மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்காமல் போகலாம். எந்த ஊர்ப் பெண் என்றெல்லாம் நடத்துனர் கேட்கப்போவதில்லை. மாநாட்டுக்கு வரும் பெண் பேராசிரியர் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஏறி உட்கார்ந்தால், பூக்காரம்மாவும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் கல்லூரி மாணவியும் அதே இலவசச் சீட்டோடு பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பார். பெண்கள் முன்னேற்றம் என்ற தலைப்பில் அரங்கில் வாசிக்கப்படும் நான்கு கட்டுரைகளை விட அந்த முக்கால் மணி நேரம் கூடுதலாகச் சொல்லும்.

தண்ணீர் விஷயத்தில் தாள் சொல்வது சரி. உள்ளூர்க்காரரே கேன் தண்ணீர்தான் குடிக்கிறார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததை மறந்தவர் யாரும் இல்லை. அந்தக் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊரில், ஓட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. கடலில் இறங்காதீர்கள் என்பதும் சரி. மெரினாவில் குளிக்கக் காவல்துறை தடையே போட்டிருக்கிறது. கரையோரம் சட்டென்று ஆழமாகும், திரும்பும் அலை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு வருடமும் இளைஞர்கள் சாகிறார்கள். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவுகூட 1930இல் கடலில் இறந்த கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியதுதான்.

மெரினாவைப் பற்றித் தாள் சொல்வது ஒரே வரி. நீளமான கடற்கரை, சூரிய உதயம் பாருங்கள் என்று. இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது.

மெரினா இயற்கை கொடுத்த கடற்கரையே இல்லை. 1870களின் நடுவில் ஆங்கிலேயர்கள் இங்கே துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தது. மறிபட்ட மணல் தெற்கே சேர்ந்தது, கடல் பின்வாங்கியது, கரை அகன்றது. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1884இல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்காக 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் (பின்னாளில் விவேகானந்தர் தங்கிய அதே கட்டடம்) அன்று கடலோரக் கட்டடம். இன்று அதன் வாசலில் நின்றால் சாலை, பூங்கா, மணல் என்று தாண்டித்தான் அலையைப் பார்க்க வேண்டும்.

சரி, தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல்தானே? வடக்கே என்ன ஆனது? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை முழுக்கக் கடல் தின்றது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, கோயில்கள் போயின. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அந்தக் கல் அணை அதற்கும் வடக்கே அரிப்பைத் தள்ளிவிட்டது. ஆக, மாநாட்டுக்கு வந்தவர் மெரினாவில் கால் புதைய நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் வட சென்னையில் யாரோ ஒருவர் வாசலை இழந்திருக்கிறார். ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள் இவை. ஒரு பக்கத்தை 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று அச்சடிக்கிறார்கள், மறுபக்கத்தை அச்சடிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மாநாட்டுக்காரர்களுக்கு மெரினாவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1968 ஜனவரியில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தபோது கடற்கரைச் சாலையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., கண்ணகி, இவர்களோடு இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், ஜி.யு.போப், கால்டுவெல். வெளியிலிருந்து வந்து இந்த மொழியைக் கற்றுக்கொண்ட மூன்று பேரை, வெளியிலிருந்து வரும் அறிஞர்களின் கண்ணில் படும்படி நிறுத்தியது எவ்வளவு நல்ல மரியாதை! இன்றைய மாநாடுகள் ஊருக்கு விட்டுவிட்டுப் போவது தெர்மாகோல் குப்பையும் கிழிந்த பேனர்களும்தான். அந்தச் சிலைகளில் கண்ணகி 2001 டிசம்பரில் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய் 2006 ஜூனில் திரும்பி வந்த கதையையும், நேர் எதிரே இருக்கும் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் போகிறார்கள் என்றதும் 2003இல் மாணவிகள் கல்லூரியை விட்டு நகராமல் உட்கார்ந்து தடுத்த கதையையும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இதே மணலில் லட்சக்கணக்கான பேர் நாள்கணக்கில் இருந்த கதையையும் யாராவது விருந்தாளிக்குச் சொல்கிறார்களா? இவை இல்லாமல் மெரினா வெறும் மணல்.

இனி பட்டியலில் இல்லாதவர்களின் கதை. மெரினாவின் தென்கோடியில் நொச்சிக்குப்பம். சாலை வருவதற்கு முன்பும், நடைபாதை வருவதற்கு முன்பும், இந்தக் கரையில் இருந்தவர்கள் மீனவர்கள்தான். ஆங்கிலத்துக்குக் கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்தது இவர்களின் தொழில். 1985இல் மெரினாவை அழகுபடுத்தப்போவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அப்புறப்படுத்த முற்பட்டார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. யாருடைய கண்ணுக்கு அழகு? படகும் வலையும் காய்கிற கரை அசிங்கம் என்று யார் முடிவு செய்தது? வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற அதே கவலைதான். மாநாட்டுப் பைத் தாளை எழுதவைக்கிற கவலையும் அதுவேதான்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே லூப் சாலையைப் போட்டுவிட்டு, சாலையோரம் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023 ஏப்ரலில் கடைகளை அகற்றினார்கள். உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கு அது. மீனவப் பெண்கள் மீனையும் படகையும் சாலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே புதிய மீன் சந்தை திறக்கப்பட்டது. சந்தை வந்தது நல்லதுதான். ஆனால் வரிசையை ஒருதரம் யோசித்துப் பார்க்க வேண்டும். முதலில் குப்பம், அப்புறம் சாலை, அப்புறம் 'சாலைக்கு இடைஞ்சலாகக் குப்பம்'. 2020இல் டிரம்ப் வந்தபோது அகமதாபாத்தில் ஏழைகள் வசிக்கும் பகுதிக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள் என்று சென்னையில் எல்லோரும் சிரித்தார்கள். சென்னையில் சுவருக்குச் செங்கல் வேண்டியதில்லை, ஒரு மடித்த தாளே போதும்.

நொச்சிக்குப்பத்துக்கு வருகிறவர் போக வேண்டும். காலையில் போனால் படகு வந்திறங்குவதைப் பார்க்கலாம். வஞ்சிரம், வவ்வால் என்று பெரிய மீன்களின் விலையைக் கேட்டு மயங்கி விழாமல் நெத்தியோ கடம்பாவோ வாங்கச் சொல்லிப் பொரித்துத் தின்னலாம். புகைப்படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்வது மரியாதை. கடல் வற்றிய மாதிரி மீன் குறைவாக இருந்தால் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப் படகு மீன்தான், விலையும் கூடத்தான்.

தெருவில் சாப்பிடாதீர்கள் என்கிறவர், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரைத் தாண்டி இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் ஒருநாள் மாலையில் போயிருக்கவே மாட்டார். 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அங்கே தள்ளுவண்டியில் இருக்கிறது. அத்தோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எலுமிச்சை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள, இல்லை, குடித்துக்கொள்ள வாழைத்தண்டு போட்ட சூப். கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளிப்பவர் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதானே? அகதியாக வந்தவர்கள் ஒரு ஊருக்குப் புது ருசியைக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் காட்டாமல், எந்த ஊரிலும் கிடைக்கிற பர்கருக்கு மாலின் மூன்றாம் மாடிக்கு வழி காட்டுகிறது தாள்.

வட சென்னை ஆபத்து என்று அமைப்பாளர்கள் சொல்வதுண்டு. சினிமா பார்த்து எழுந்த பயம் இது. மெட்ரோவின் நீல வழித்தடம் விமான நிலையத்தில் தொடங்கி, 2021 பிப்ரவரியிலிருந்து திருவொற்றியூரைத் தாண்டி விம்கோ நகர் வரை போகிறது. வருகிறவர் ஆலந்தூரிலோ கிண்டியிலோ இறங்கிவிடுவதால் அதே ரயில் மிச்ச தூரம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று அது போகிறது. ராயபுரத்தில் 1856இல் திறந்த ரயில் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். தேரடி நிறுத்தத்தில் இறங்கினால் திருவொற்றியூர்க் கோயில். கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி. வெளிநாட்டுக்குப் பொருள் ஏற்றி விற்ற வணிகர் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து உட்கார்ந்த இடம் என்பது நம்பிக்கை. முதலீட்டாளர் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

முதலீட்டாளர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 6.6 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தங்கள் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தது. கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிப்போய் நின்றன, மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். மாநாட்டுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அரங்கிலிருந்து எண்ணூர் சுமார் முப்பது கிலோமீட்டர். தொழில் தொடங்க வருகிறவருக்குக் காட்ட வேண்டிய முதல் இடம் எது? கண்ணகி நகர் சுவரில் வரைந்த அழகான ஓவியங்களையாவது காட்டுகிறார்கள், அங்கே குடியேற்றப்பட்டவர்கள் எந்த ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கி நடப்பட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல்.

வருகிறவர் நாலு நல்ல நினைவோடு போகட்டுமே, அழுக்கையெல்லாம் ஏன் காட்ட வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் இங்கே சொன்னவற்றில் எது அழுக்கு? அத்தோவா? மீன் விற்கிற அம்மாவா? 29சி-யா? அழுக்கு என்று சொல்லத்தக்கது எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த எண்ணெய்தான். அதை வைத்தவர்கள் அங்கே வாழ்கிறவர்கள் இல்லை.

எந்த மாதத்தில் மாநாடு வைப்பது என்பதைக்கூட ஊரைத் தெரிந்து யாரும் முடிவு செய்வதில்லை. டிசம்பரில் சங்கீத சீசன் என்று ஆசை காட்டுகிறார்கள், வடகிழக்குப் பருவமழையை மறைக்கிறார்கள். 2015இல் விமான நிலையமே வெள்ளத்தில் மூடிக்கிடந்தது, 2016 டிசம்பர் 12இல் வர்தா ஊரின் மரங்களைச் சாய்த்தது. மே மாதம் வருகிறவருக்கு ஒரே மருந்து கடற்காற்று. அது மதியத்தில் உள்ளே நுழைந்தால் பிழைத்தோம். தாமதமானால் நாற்பது டிகிரியைத் தாண்டும், நந்தம்பாக்கம் மாதிரி உள்ளே தள்ளியிருக்கும் இடங்களுக்கு அது கடைசியில்தான் போய்ச்சேரும்.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வருகிறவர் கொடுத்துவைத்தவர். ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988இலிருந்து மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்களோடு பொதுமக்களும் நடக்கலாம், வார இறுதி இரவுகளில். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதை முதலில் எண்ணியவர்களில் இவர்களும் உண்டு. டார்ச் வெளிச்சம் அடிக்கக் கூடாது, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் காலை முதல் அமர்வில் தூங்கிவிழ நேரலாம். முதல் அமர்வு எப்படியும் வரவேற்புரைகள்தான்.